நாந்தியில் சொல்ல வேண்டிய பெயர்

ஆசீர்வாதம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். கை அப்படித்தான் போயிற்று, இழுத்து நிறுத்திவிட்டேன். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நேற்று நீ போனில் அனுப்பிய இரண்டு வரிக்குப் பதில் இது. "அப்பா, தை மாசம் கல்யாணம் நிச்சயம். அத்தையும் வருவா. நீ வந்து நாந்தி பண்ணுவியா, மாட்டியா? ஒரு வார்த்தை சொல்லு." ஒரு வார்த்தையாம்! நாற்பது நாளாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் ராஜார்ஹாட்டில் ஃபிளாட் எடுத்து உட்கார்ந்திருக்கிறவன், முப்பத்தேழு வருஷத்துச் சமாசாரத்துக்கு ஒரு வார்த்தையில் பதில் கேட்கிறான். எனக்கு அப்படியெல்லாம் வராது. கிடர்பூர் துறைமுகத்தில், சுங்க இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினவன் நான். எந்தப் பெட்டியானாலும் திறந்து, அடிவரை கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆகையால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நிதானமாகப் படி.

முதலில் என் பக்கத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் உன்னிடம் வருகிறேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌமிதாவை நீ வீட்டுக்கு அழைத்துவந்தாய். நல்ல பெண். இப்போது சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. உன் அம்மா வார்த்துப் போட்ட அடையைக் கையால் பிய்த்து அவியலோடு சாப்பிட்டாள், இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது. நான்கு தலைமுறையாக இந்த வங்காளத்து ஊரில் இருக்கிறோம். ஆனால் நம் வீட்டு மருமகள் யாரானாலும் ஹவுரா ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயிலிலிருந்து இறங்கியவளாகத்தான் இருக்க வேண்டும். என் அம்மா அப்படி இறங்கினாள், உன் அம்மா அப்படி இறங்கினாள். வேலை இங்கே, பெண் அங்கேயிருந்து. அது என் அப்பா வைத்த சட்டம். அதைச் சொல்லி உன்னை நேருக்கு நேர் மறுக்க இந்தக் காலத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தேன். "உங்க ஜனங்ககிட்ட இந்த தலசீமியா ரத்த வியாதி ஜாஸ்தி. ஜாதகம் பார்க்காம வேணும்னா இருப்பேன், ரத்தம் பார்க்காம சம்மதிக்க மாட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று வங்காளியிலேயே சொன்னேன். சாப்பிட்ட தட்டைக்கூட அவள் இன்னும் எடுக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. "நிச்சயம் காகு. ஆனா ரெண்டு பேரும் பார்க்கறதுதான் முறை. ஒருத்தர் மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்?" என்றாள். "தாராளமா! இவனுக்கு என்ன, காவேரித் தண்ணி" என்று நான் சிரித்தேன். அப்போது நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அதை நான் அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். அது அவமானம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிப்போர்ட் வந்தது. மௌமிதாவுக்கு ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை. உனக்கு இருந்தது. ஹீமோகுளோபின் ஈ என்று போட்டிருந்தது. உனக்கு நோய் ஒன்றும் கிடையாது, நோயைச் சுமந்துகொண்டிருக்கிறாய், அவ்வளவுதான், கல்யாணத்துக்குத் தடையே இல்லை என்றார் அந்த டாக்டர் அம்மா. கட்டிக்கொள்கிறவளும் இந்த மாதிரி எதையாவது சுமந்தால்தான் குழந்தைக்கு ஆபத்தாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "உங்க குடும்பத்துல பெங்காலி, அசாம் பக்கத்து ஆள் யாராவது உண்டா? உங்க ஊர்க்காரங்ககிட்ட இதை நாங்க அதிகமா பார்த்ததில்லையே" என்று அந்த அம்மா கேட்டதுதான் ஏறிற்று. "லேபில் ரத்தத்தை மாத்தியிருப்பா" என்று மேஜையைத் தட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். மௌமிதா உனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அடுத்த வாரம் என் ரத்தமும் உன் அம்மா ரத்தமும் போயிற்று. உன் அம்மாவிடம் இல்லை. என்னிடம் இருந்தது. இரண்டாவது தடவை அந்த டாக்டர் அம்மா என்னை உட்கார்த்தி வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் மேஜையில் இரண்டு டப்பாவில் குண்டூசி இருந்தது, ஒன்றில் வெள்ளைத் தலை, ஒன்றில் சிவப்புத் தலை. "ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஊசின்னு வச்சுக்குங்க. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. உங்க பிள்ளைக்கு உங்க ரெண்டுல ஏதோ ஒண்ணுதான் போகும், எதுன்னு யாராலும் சொல்ல முடியாது. உங்க சமூகம் இந்த வெள்ளை டப்பா. எங்க ஊர் டப்பாவில் வெள்ளையோட கொஞ்சம் சிவப்பும் உண்டு. அதுவும் எங்க சொத்து இல்லை. கிழக்கே, பர்மாவுக்கு அந்தாண்டையிருந்து எந்தக் காலத்திலோ நடந்து வந்தவங்களோட வந்தது. வந்தவங்க தங்கினாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, டப்பாவில் சிவப்பு கூடிப்போச்சு." அப்புறம் ஒரு சிவப்பு ஊசியை எடுத்து வெள்ளை டப்பாவில் போட்டார். "ஒரு ஆள் வந்து தங்கினா போதும், டப்பாவோட விகிதம் மாறிடும். நீங்க ஒவ்வொரு தலைமுறையும் மெட்ராஸிலிருந்து வெள்ளையைக் கொண்டுவந்து கொட்டியிருக்கீங்க. அதனால சிவப்போட பங்கு குறைஞ்சிருக்கும். ஆனா இது பாலும் தண்ணியும் இல்லை, கலந்து வெளிறிப்போறதுக்கு. ஊசி ஊசியாத்தான் இருக்கும்." பூவா தலையா மாதிரி மூன்று தடவை சுண்டி, மூன்று தடவையும் சிவப்பு விழுந்து உன்னிடம் வந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

டாக்ஸியில் திரும்பும்போது, நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அத்தைக்கும் இருக்குப்பா" என்றாய். "எந்த அத்தைடா?" என்றேன். "உனக்கு எத்தனை அக்கா இருக்கா?" என்றாய். அடப்பாவி! அந்த ஒரு கேள்வியில் என் தலையில் இடி விழுந்தது. என் அக்கா பெஹாலாவில் இருக்கிறாள், ஒரு வங்காளிப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவள், இந்த வீட்டில் முப்பத்தேழு வருஷமாக அவள் பெயரை யாரும் எடுத்ததில்லை. உனக்கு அப்படி ஒருத்தி உண்டு என்பதே தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீயோ நான்கு வருஷமாக அங்கே போய்வந்துகொண்டிருக்கிறாய். அவள் மகள் உனக்கு மெசேஜ் போட்டாளாம், நீ போனாயாம், வத்தக்குழம்பு சாப்பிட்டாயாம். சனிக்கிழமை ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அதுதானாம். சரி, போனாய். அத்தைக்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தும், நான் அந்தப் பெண்ணின் ரத்தத்தைக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "வேண்டாம்பா, நம்மகிட்டயே இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிழவன் தன் வாயாலேயே விழட்டும் என்று விட்டுவிட்டாய். இப்போது நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கிறாய். உன் அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் 'தெரியும்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அக்கா உனக்கு அவள் கதையைச் சொல்லியிருப்பாள். என் பங்கை எவ்வளவு சொன்னாளோ தெரியாது, குறைத்துத்தான் சொல்லியிருப்பாள், அவள் சுபாவம் அது. அவள் போனபோது எனக்கு இருபத்தைந்து வயசு. அப்பா கூடத்தில் நின்று, "இந்த வீட்டுல எனக்கு இனிமே ஒரு பிள்ளைதான். அவளோட பேசறவனும் எனக்கு வேண்டாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஆறு மாதம் கழித்து நவராத்திரியில் அவள் வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குச் சுங்க இலாகாவில் வேலை கிடைத்திருந்தது, யார் மூலமாகவோ கேள்விப்பட்டு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்திருந்தாள். "உள்ள வரலைடா. இதை மட்டும் வாங்கிக்கோ" என்றாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்குப் பின்னால் நின்று அவள் படி இறங்குகிற சத்தத்தைக் கேட்டேன். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை கிடர்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்து மச்சத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அவள் திரும்புவதற்குள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, கொட்டுகிற மழையில் ஆபீஸுக்கு நடந்தேன். எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் கிடையாதுடா. அவள்தான் எனக்குச் சைக்கிள் விடச் சொல்லிக்கொடுத்தவள். அப்பா சொன்னார், நான் செய்தேன். அதுதான் நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

டாக்ஸியில் நீ சொன்ன மறுநாள் நான் பெஹாலா போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சண்டை போடத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. மணியடித்ததும் அவளே திறந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "வாடா. செருப்பை அங்கேயே விடு, இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். முப்பத்தேழு வருஷம் கழித்துப் பார்க்கிறவனிடம் சொல்கிற முதல் வார்த்தையா அது! அவள் புருஷன், தீபங்கர்-தா, உள்ளிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், டீ போடப் போய்விட்டார். நான் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டேன். "இது எங்கேருந்து வந்தது? உனக்குத் தெரியுமாமே?" என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். "உன் ஆத்துக்காரிக்கு இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றதும், "பகவானே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் சொன்னதை நீ கேட்டிருப்பாய், ஆனால் நான் கேட்ட மாதிரி கேட்டிருக்க மாட்டாய். கல்யாணமான மறு வருஷம் அவள் உண்டாகியிருந்தாள். அப்போதே டாக்டர் ரத்தம் பார்த்து, இதைச் சொல்லி, இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், உங்கள் வீட்டில் வங்காளி யார் என்று. அவள் அப்பாவின் ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். அடுத்த சனிக்கிழமை அப்பா பெஹாலாவில் வந்து நின்றார். வாசற்படியிலேயே அழுதாராம். அவரைப் பெற்றவள் நம்மிடம் சொன்ன மாதிரி மாயவரத்துக்காரி இல்லை, பிரசவத்தில் போனவளும் இல்லை. தாத்தா கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கப்பிள்ளையாக வந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த கிடங்குக் காவலரின் பெண். கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருக்கிறார். அப்பாவுக்கு ஒன்பது வயசாகும்வரை அவள் இருந்தாள், காலராவில் போனாள். அதற்கப்புறம் தாத்தா பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய்ப் பூணூல் போட்டு, அலமேலு என்று ஒரு பெயரைச் சொல்லிக்கொடுத்து, யார் கேட்டாலும் அம்மா பேர் இதுதான் என்று சொல்லச் சொன்னார். ஒன்பது வயசுக் குழந்தைடா. அம்மா முகம் நன்றாக ஞாபகம் இருக்கிற வயசு.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது வலி வந்தால் "அம்மா" என்று சொல்ல மாட்டார். "மா கோ, மா கோ" என்றுதான் முனகுவார். அந்த ஆயா, "உங்க அப்பா பெங்காலியா?" என்று கேட்டாள். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர், அப்படித்தான் வரும் என்று நான் சிரித்தேன். எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன் போல.

அவருடைய அம்மா வங்காளி என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கேட்ட அன்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன், இப்போது இல்லை. எனக்கு வலிக்கிறது வேறு. அந்த முதல் சனிக்கிழமைக்குப் பிறகு மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை அப்பா பெஹாலா போயிருக்கிறார். பதினேழு வருஷம்! பேத்தியை மடியில் வைத்து மோர்சாதம் ஊட்டியிருக்கிறார். என்னிடம், ஹவுராவில் ஒரு பழைய ஆபீஸ் நண்பர், கோபால் பாபு என்று பெயர், பக்கவாதத்தில் கிடக்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்பார். நானும் வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "நீ எதுக்கு, அவருக்குப் புது முகம் பார்த்தா கூச்சம்" என்றார். அவர் போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கோபால் பாபுவுக்குத் துக்கம் சொல்ல வேண்டுமே என்று, ஒரு கிழவர் படுத்த படுக்கையில் காத்துக்கொண்டிருப்பாரே என்று, படகேறி ஹவுரா போய்ச் சந்து சந்தாகத் தேடினேன். பட்டறைக்காரனை, டீக்கடைக்காரனை, தபால்காரனை, எல்லாரையும் கேட்டேன். இரண்டு நாள் தேடினேன். இல்லாத ஆளுக்காக நான் ஹவுராவில் அலைந்துகொண்டிருந்தபோது, இருக்கிறவள் பெஹாலாவில் சமைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "ரெண்டாவது சனிக்கிழமை வரலை. அடுத்த மாசமும் வரலை. அப்புறம் புரிஞ்சுண்டேன்" என்றாள் அக்கா. ஒப்பாரி இல்லை, ஒன்றும் இல்லை, காய் நறுக்குகிற மாதிரி சொன்னாள். அப்பா போனதை அவளுக்குச் சொல்லாதவன் நான்தான்.

உத்தரவு போட்டவர் மாதாமாதம் அதை மீறிக்கொண்டிருந்தார். அந்த உத்தரவுக்கு முப்பத்தேழு வருஷம் கட்டுப்பட்டவன் நான் ஒரே ஒரு மடையன். பின்னே உன்னை ஏன் விரட்டினார் என்று அக்காவிடம் கத்தினேன், தன்னைப் பெற்றவளே வங்காளியாக இருக்கும்போது உன்னை எப்படி விரட்டினார் என்று. "பயம்டா. நான் வெளிய போனா, உள்ள இருக்கறது வெளிய வந்துடும்னு பயம்" என்றாள். சரிதான், பயம். ஆனால் இதைக் கேள். அவருக்கு விஷயம் தெரிந்தது எனக்குக் கல்யாணமாவதற்கு மூன்று வருஷம் முன்னால். டாக்டர் அவருக்கும் எல்லாம் விளக்கியிருக்கிறார். தன் மகனான எனக்கும் இருக்கலாம், எனக்கு வருகிறவளைப் பார்த்துக் கட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவும் அப்படி ஏதாவது சுமந்திருந்தால், நீ மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பாய். அக்கா 'பகவானே' என்று கண்ணை மூடியது அதற்குத்தான். ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்காக உன்னைப் பணயம் வைத்தார். என்னை ஏமாற்றியதை நான் என்றாவது மறப்பேனோ என்னவோ, இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் அதுவும் ஒரு கோபால் பாபுதான்.

"நீயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி, அவர் போன பிறகாவது" என்று அக்காவிடம் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "நீ கதவைத் திறந்தியாடா?" என்றாள். எனக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. ஆனால் இன்னொன்று கேட்காமல் போக முடியவில்லை. அப்பா போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் நான் தர்ப்பணம் பண்ணுகிறேன், உனக்குத் தெரியும், ஒன்றுகூட விட்டதில்லை. அம்மா பேர், அப்பாவைப் பெற்றவள் பேர், அவளுக்கும் மேலே ஒருத்தி பேர் என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். அப்பாவைப் பெற்றவளுக்கு அலமேலு என்று சொல்லித்தான் பத்தொன்பது வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் இருந்தே இராத ஒரு பொம்மனாட்டிக்கு! "அப்பா என்ன பேர் சொல்லுவார்?" என்று கேட்டேன். "அவரும் அலமேலுதான். பக்கத்துல மந்திரம் சொல்ற வாத்தியார் இருப்பாரே. ஒரு தடவைகூட நெஜப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லைன்னு இங்க உட்கார்ந்து அழுதார்" என்றாள். அப்புறம் மெதுவாக, "அந்தப் பேரைச் சொல்லட்டுமாடா?" என்றாள். "எனக்கு வேண்டாம்" என்று கத்திவிட்டு, தீபங்கர்-தா கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னைத்தான் பிடித்துக்கொண்டேன். துரோகி என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இந்த நாற்பது நாளில் எனக்கு அந்தக் குண்டூசி டப்பாதான் திரும்பத் திரும்ப வருகிறது. கிடர்பூரில் முப்பத்தைந்து வருஷம் கப்பலிலிருந்து இறங்குகிறவன் ஒவ்வொருவனையும், 'சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?' என்று கேட்டு நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைப் பிடித்தேன், துணியைப் பிடித்தேன். அவன்களில் ஒருவன் இங்கே தங்கி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றால் இந்த ஊர் டப்பா மாறிப்போகும் என்று எனக்குத் தெரியாது, எந்தச் சுங்கச்சாவடியும் அதைப் பிடிக்காது. கிழக்கேயிருந்து ஒருத்தி நடந்து வந்தாள், தெற்கேயிருந்து ஒருத்தன் ரயிலேறி வந்தான், கிடர்பூரில் பக்கத்துப் பக்கத்து வீடு. நம் டப்பாவில் ஒரு சிவப்பு. அக்கா பெஹாலாவுக்குப் போனபோது மெட்ராஸ் மெயிலில் வந்த வெள்ளை அவளோடு அந்தப் பக்கம் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. நான் ஒருத்தன்தான் வாசலில் நின்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன், உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமலே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, அப்பனாகிவிட்டேன், சொல்லித்தான் ஆகவேண்டும். உனக்குப் பிறக்கிற குழந்தைக்குச் சிவப்பு விழுந்தாலும் விழலாம், விழாமலும் போகலாம். விழுந்தால் அதற்கு விவரம் தெரிகிற வயசில் உட்கார்த்தி வைத்துச் சொல். எங்கேயிருந்து வந்தது, யார் மூலமாக வந்தது என்று கதையோடு சொல். லேபில் இருக்கிறவன் சொல்லித் தன் குடும்பத்தைத் தெரிந்துகொள்கிற கதி என்னோடு போகட்டும். யாராவது உனக்கு உத்தரவு போட்டால், அதற்கு அவன் தானும் கட்டுப்படுகிறானா என்று பார்த்துவிட்டுக் கீழ்ப்படி. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பொண்டாட்டியை யாராவது சாப்பாட்டு மேஜையில் வைத்து அவமானப்படுத்தினால், பெற்றவனே ஆனாலும், தலையைக் குனிந்துகொள்ளாதே. நீ அன்றைக்கு எனக்காகப் பேசியிருக்க வேண்டாம், அவளுக்காகப் பேசியிருக்கலாம். உன்மேல் எனக்கிருக்கிற கோபம் முழுவதும் போகவில்லை. சனிக்கிழமை மீட்டிங் என்று நீ சொன்ன பொய் என் அப்பாவின் ஹவுராவைப் போலவே இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. அந்த ஊசி உனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், இந்தப் பழக்கம் வேண்டாம்டா.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நாந்தி என்பது விளையாட்டில்லை. கல்யாணத்துக்கு முன்னால், போனவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்து வாழ்த்துங்கள் என்று கேட்கிற காரியம். பெற்றவன் நான் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அலமேலு என்று என்னால் இனிமேல் சொல்ல முடியாது. வாத்தியார் என்ன நினைத்தாலும் சரி, இங்கே தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டாலும் சரி, நெஜப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவளுக்கு இதுவரை இந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை, பெற்ற பிள்ளைகூட விடவில்லை. முதல் தடவை கூப்பிடுவதே கொள்ளுப்பேரன் கல்யாணத்துக்காக இருக்கட்டும், அதுவும் ஒரு வங்காளிப் பெண் வீட்டுக்கு வருகிற கல்யாணம். மௌமிதாவிடம் நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன், நீ இடையில் புகுந்து ஒன்றும் சொல்லாதே. கேட்க வேண்டிய மன்னிப்பை நானே கேட்டுக்கொள்வேன், வங்காளியிலேயே கேட்பேன்.

ஆனால் அந்தப் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், போனில் அனுப்பிவிடாதே. அதை நான் அக்கா வாயால்தான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு அந்த டீயையும் குடிக்க வேண்டும். போகிற வழியில் ஒரு டப்பா சந்தேஷ் வாங்கிக்கொள்வேன், அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். ஆசீர்வாதம், உனக்கும் அவளுக்கும். நாளைக்கு இரண்டாவது சனிக்கிழமை. எங்கே போகிறீர்கள் என்று உன் அம்மா கேட்பாள். பெஹாலாவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.